நூறு தப்படிக்கு ஒரு பேச்சு

என் மனைவி ஆற்றுக்கு நீலம் பூச ஆரம்பித்த பிறகுதான் ஆறு தப்பாக இருப்பது தெரிந்தது.

காலை பத்து மணி இருக்கும். வரைபடங்களுக்கு அவள் பகலில் மட்டுமே நிறம் பூசுவாள். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் ஏமாற்றும், பச்சை அதைவிட ஏமாற்றும் என்பது அவள் கட்சி. ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணற்கல்லுக்கு மஞ்சள், களிப்பாறைக்குச் சாம்பல், கரிக்குக் கறுப்பு. கடைசியில் ஆறு. எப்போதும் ஆற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். நான் எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரமாக இருவரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது சண்டை என்று அர்த்தமில்லை.

"ஏங்க, இந்த வளைவுல ஆறு எவ்வளவு அகலம்?"

"அளவுகோல் வெச்சுப் பாரு."

"பாத்துட்டுத்தான் கேக்கறேன். அறுநூறு அடி வருது."

"அப்ப அறுநூறு அடி."

அவள் தூரிகையைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தாள். "நான் அங்க கல் எறிஞ்சேனே."

"எங்க?"

"அந்தச் சாஞ்ச மரத்துகிட்ட. நீங்க தலை குனிஞ்சு எழுதிட்டே இருந்தீங்க. எனக்குப் பொழுது போகல. ஒரு கல்லை எடுத்து வீசினேன். அந்தக் கரைப் பாறையில போய் டொக்குனு விழுந்துச்சு. என் கை அறுநூறு அடி எறியுமா? எறிஞ்சா என்னைப் பீரங்கிக்குப் பதிலா வெச்சுக்குவாங்க."

நான் சிரிக்கவில்லை. பென்சிலை வைத்துவிட்டு எழுந்துபோய் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன். அந்த வளைவில் ஆறு வயிறு புடைத்திருந்தது. அடுத்த வளைவில் நூல்போல இளைத்திருந்தது. வரையும்போதே அதைக் கவனித்திருந்தேன். பாறை உடைந்த இடத்தில் ஆறு அகலமாகத்தான் ஓடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

பாறை உடைந்த இடம் என்று நான் சொல்வது, படத்தில் ஆற்றோடு சேர்ந்து ஓடும் சிவப்புக் கோட்டை. எங்கள் தொழிலில் அதற்கு முறிவு என்று பெயர். பூமி எப்போதோ உடைந்து, ஒரு பக்கம் அப்படியே நிற்க, மறு பக்கம் நகர்ந்துபோன இடம். ஆற்றின் வடகரையில் பழைய மரப்பாலத்திலிருந்து ஒன்பதாயிரம் அடியில் நிலக்கரி அடுக்கு தரையில் தலைகாட்டுகிறது. தென்கரையில் அதே பாலத்திலிருந்து பத்தாயிரம் அடியில். ஒரே அடுக்கு, ஒரே தடிமன், மேலே அதே சாம்பல் களிப்பாறை. நேர் எதிரே இருக்க வேண்டியது ஆயிரம் அடி தள்ளி இருக்கிறது. நடுவில் ஆற்று மணல் எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. அப்படியானால் அந்த மணலுக்கு அடியில் ஒரு முறிவு இருந்தாக வேண்டும். எந்த சர்வேயரும் இதைத்தான் சொல்வான்.

நானும் சொன்னேன். இருபது வருட வேலையில் நான் கண்டுபிடித்த ஒரே பெரிய விஷயம் அதுதான். எங்கள் தலைமை சர்வேயர் முதல் அறிக்கையைப் படித்துவிட்டு, வராந்தாவில் எல்லார் முன்னாலும், "உங்க முறிவு பிரமாதம்" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் வேகமாக நடந்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சிவப்புக் கோட்டை நம்பித்தான் திங்கட்கிழமை சுரங்கக் கமிட்டி கூடப்போகிறது. தென்கரையில் ஒரு கிணறு வெட்டி முந்நூறு அடி ஆழத்தில் கரியைத் தொடுவதாகத் திட்டம். என் படத்தில் கரி தொடங்கும் இடம் ஆயிரம் அடி பிசகியிருந்தால், அந்தக் கிணற்றின் முந்நூறாவது அடியில் வெறும் ஈரப் பாறைதான் இருக்கும். அடுக்கு பத்தடிக்கு ஓரடி சாய்ந்து இறங்குகிறது. ஆகவே இன்னும் நூறு அடி வெட்ட வேண்டும். வெட்டப்போவது நான் அல்ல.

"வியாழக்கிழமை ஆயிடுச்சு" என்றேன்.

"ஆமா" என்றாள். நீலக் கிண்ணத்தை ஒரு தட்டால் மூடினாள்.

*

நான் தப்படியால் அளப்பவன். அளவுச் சங்கிலி பிடிக்க எங்கள் அலுவலகத்தில் ஆள் கிடையாது. காடு அடர்ந்த கரைகளில் தூரத்துக் குன்றைப் பார்த்துக் கோணம் எடுக்கவும் முடியாது. வெளிவேலை நடக்கும் மூன்று மாதமும் புகைமூட்டம். கையில் காம்பஸ், காலில் கணக்கு. என் ஒரு தப்படி இரண்டரை அடி. வேலைக்குச் சேர்ந்த வருடம் அளந்து வைத்தது. வலது பையில் கூழாங்கற்கள் போட்டுக்கொள்வேன். நூறு தப்படிக்கு ஒரு கல் இடது பைக்குப் போகும்.

வடகரையைத் தனியாக முடித்தேன். தென்கரை தொடங்கும் முன் என் உதவியாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது இவள் சொன்னாள்: "பதினாலு வருஷமா உங்களுக்குக் கறுப்பு பூசறேன். ஒரு கரிக்கல்லை அது இருக்கற இடத்துல பாத்ததில்ல. நான் வரேன்."

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எண்ணும்போது பேசக் கூடாது. கல் பை மாறும்போது மட்டும் ஒரு பேச்சு பேசிக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டாள். என்னைக் கட்டிக்கொண்டவளுக்கு அது ஒன்றும் புதிதல்ல.

நாலாயிரம் தப்படி, நாற்பது கல், நாற்பது பேச்சு. ஒவ்வொன்றையும் அவள் நூறு தப்படிக்கும் சேர்த்துவைத்துத் தேர்ந்தெடுத்துச் சொன்னாள். "மரத்துல நாலு கூடு, ஒண்ணு காலி." "என் செருப்புல கல்லு புகுந்து மூணு பேச்சு ஆச்சு, இதைவிட நல்ல விஷயம் வந்துட்டே இருந்துச்சு, அதான் சொல்லல." "நீங்க எண்ணும்போது உதடு ஆடுது, கோபமா இருக்கற மாதிரி இருக்கு. கோபமா?" நான் தலையாட்டி மறுத்து அடுத்த கல்லுக்கு நடப்பேன். நாற்பதாவது கல்லில் ஓடை அரித்த சரிவில் கரி தெரிந்தது. அவள் உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சில்லைப் பெயர்த்து வெயிலில் திருப்பினாள்.

"நான் இத்தனை வருஷமா பூசினது தப்புங்க. இது வெறும் கறுப்பில்ல. உள்ளே நீலம் இருக்கு."

அதற்குப் பிறகு வந்த எல்லா வரைபடங்களிலும் அவள் கறுப்பில் ஒரு சொட்டு நீலம் உண்டு. அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சினன் வந்தான். இவளுடைய தம்பி. எங்கள் அலுவலகத்திலேயே படம் வரைபவன். முன்நெற்றி ஏறிக்கொண்டே போவதால் அவனுக்கு அங்கே 'உச்சி' என்று பட்டப்பெயர். அலுவலக அறையில் சும்மா கிடந்த சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"மாமா, நம்ம சர்வீஸ்ல இந்தச் செயின் வெளிச்சம் பாத்தது இன்னைக்குத்தான். கண்ணு கூசுதாம்."

வீட்டுக்குப் பின்னால், சரக்கு ரயில் பாதையின் மதிலை ஒட்டி ஒரு நேரான சந்து இருக்கிறது. அங்கே சங்கிலியால் இருநூற்றைம்பது அடி அளந்து, ஆரம்பத்திலும் முடிவிலும் சுண்ணாம்புக் கோடு போட்டோம். உச்சி முடிவுக் கோட்டில் குந்தி உட்கார்ந்தான். நான் ஆரம்பக் கோட்டிலிருந்து நடந்தேன். நூறாவது தப்படியில் என் வலது கால் அவனுடைய கோட்டின்மேல் இறங்கியது.

"அச்சு மாதிரி வெச்சிருக்கீங்க மாமா" என்றான். "காலா அது, அளவுகோலா?"

திரும்பவும் நடந்தேன். திரும்பவும் கோடு. அப்படியானால் தப்படியில் பிழையில்லை. நான் மதிலில் சாய்ந்து நின்றேன். முறிவு உண்மைதான் என்று ஒரு மூலையில் மனசு குதித்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் எறிந்த கல்? தள்ளுவண்டிக்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போகும்போது வேகத்தைக் குறைத்தார்.

"என்ன சார், ஏதாவது தொலைஞ்சிருச்சா?"

"ஆயிரம் அடி" என்றான் உச்சி.

"ஐயோ" என்று சொல்லிவிட்டு அவர் உண்மையாகவே தரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

அப்போது இவள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் நீலக் கறை. "என்ன ஆச்சு?"

"சரியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை நடந்து பாத்துட்டு வந்துடறேன்."

"நானும் வரேன். உக்காந்து உக்காந்து முதுகு பலகையாயிடுச்சு."

இருவரும் நடந்தோம். அவள் பேசவில்லை. நான் எண்ணும்போது பேச மாட்டாள். மதிலின் மேல் ஒரு பூனை எங்களோடு கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. நின்றேன்.

"என்ன மாமா, அங்கயே நின்னுட்டீங்க?" உச்சி தூரத்திலிருந்து கத்தினான். "கோடு இங்க இருக்கு!"

இருபத்தைந்து அடி தள்ளி இருந்தது கோடு.

எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி நடந்தோம். இந்த முறை நூறு எண்ணியதும் நின்ற இடத்திலேயே குனிந்து கரித்துண்டால் கோடு போட்டேன். முதலில் நின்ற இடத்துக்கும் இதற்கும் ஒரு சாண்கூட வித்தியாசமில்லை. அவளை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக நடந்தேன். சுண்ணாம்புக் கோடு. அவளோடு நடந்தேன். கரிக் கோடு. அவளோடு மொத்தம் ஐந்து முறை, தனியாக நான்கு. உச்சி முதல் இரண்டு முறை கேலி பேசினான். அப்புறம் ஒவ்வொரு தடவையும் குனிந்து கோட்டைச் சரிபார்த்தான்.

இரண்டேகால் அடி. அவளோடு நடக்கும்போது என் தப்படி இரண்டேகால் அடி. நாலாயிரத்தை அதால் பெருக்கினால் ஒன்பதாயிரம் அடி. வடகரைக் கரிக்கு நேர் எதிரே.

முறிவு இல்லை. எப்போதும் இருந்ததில்லை. பூமி அங்கே உடையாமல், நகராமல், ஆற்றுக்கு அடியில் ஒரே அடுக்காகக் கிடக்கிறது.

அவள் மதிலோரம் இருந்த திட்டில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கரிக் கோட்டையும் சுண்ணாம்புக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்க நடக்கறப்போ ஒரு நாளும் எனக்கு மூச்சு வாங்கல" என்றாள். "உங்களுக்கு ஈடு கொடுத்துட்டோம்னு பெருமையா இருந்தேன். அக்கம்பக்கத்துல சொல்லிக்கிட்டேன்கூட."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையில் நீலம் காய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வந்தான். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடுச்சு. இப்ப என்ன பண்ணப்போறீங்க? திருத்தப் படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மாமா. அதுல என்ன எழுதுவீங்க? அக்கா வந்தான்னு எழுதினா தீர்ந்துச்சு. ஆபீஸ் ஆள் பட்டியல்ல இல்லாதவங்க காட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. அடுத்த சீசன் அவ வீட்டோட. முட்டி வலின்னு எழுதிடுங்க."

"முட்டி வலின்னு எழுதினா இவரை நாற்காலியில உக்கார வெச்சிடுவாங்கடா."

"அப்ப காம்பஸ் கெட்டுப்போச்சுன்னு எழுதுங்க."

"காம்பஸ் திசையைத்தான் கெடுக்கும், தூரத்தைக் கெடுக்காது" என்றேன். அன்று மத்தியானம் நான் பேசிய நீளமான வாக்கியம் அது.

உச்சி தலையைச் சொறிந்தான். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வக்கீல் வேலை பாக்கறதுக்குக் கல்லு உடைக்கலாம்."

அவன் போன பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஒரு சரக்கு ரயில் மதிலுக்கு அப்பால் நீளமாகக் கடந்து போனது. கடைசிப் பெட்டி போய் இரைச்சல் அடங்கியதும் அவள் சொன்னாள்.

"நடந்ததை அப்படியே எழுதுங்க. எனக்கு வரணும்னுதான் இருக்கு. அதுக்காக எவனோ ஒருத்தன் நூறு அடி அதிகமா வெட்டக் கூடாது."

*

சனியும் ஞாயிறும் தென்கரையைத் திரும்ப வரைந்தேன். ஒவ்வொரு தூரத்தையும் பத்துக்கு ஒன்பதாகச் சுருக்கியதும் ஆற்றின் வளைவுகள் கதவும் நிலையும்போல ஒன்றோடொன்று பொருந்தின. சாய்ந்த மரத்தருகே ஆறு நூறு அடிக்கும் குறைவு. அவள் கை நியாயமான கைதான். நான் சவரக் கத்தியின் நுனியால் சிவப்புக் கோட்டைச் சுரண்டி எடுத்தேன். தடித்த காகிதம், மை உள்ளே இறங்கியிருந்தது. ஒரு மணி நேரமானது. படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இன்றைக்கும் அந்த இடம் மெலிந்து, ஒரு பழைய தழும்புபோலத் தெரியும். அவள் அதன்மேல் நீலம் பூசினாள்.

தலைமை சர்வேயரை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் 'முக்கோணம்' என்பார்கள். கால் பொய் சொல்லும், கோணம் பொய் சொல்லாது என்பது அவர் தாரக மந்திரம். திங்கட்கிழமை காலை, கமிட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு, படத்தையும் திருத்தப் படிவத்தையும் அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரணம் என்ற கட்டத்தைப் படித்தார்.

'தென்கரையை அளந்தபோது என் மனைவி உடன் நடந்தார். அதனால் என் தப்படி இரண்டரை அடியிலிருந்து இரண்டேகால் அடியாகக் குறைந்தது. இதை நான் உணரவில்லை.'

இரண்டாம் முறையும் படித்தார்.

"இதை நான் கமிட்டியில வாசிக்கணுமா?"

"ஆமா சார்."

"வாய்விட்டா?"

நான் படத்தின் சுருண்ட ஓரத்தை நிமிர்த்தி வைத்தேன்.

"முப்பது வருஷத்துல நான் எத்தனையோ காரணம் பாத்திருக்கேன்யா. காம்பஸ் பக்கத்துல சுத்தியலை வெச்சவன் இருக்கான். பக்கத்து மலையைத் தப்பா பாத்தவன் இருக்கான். ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க, ஒத்துக்கறேன். இது என்ன ரகம்?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எத்தனை தடவை சோதிச்சீங்க?"

"அவகூட அஞ்சு. தனியா நாலு."

"அவங்ககூட நடந்தது அஞ்சும் இரண்டேகாலா?"

"நூறு தப்படிக்கு ஒரு சாண் கூடக்குறைய."

"அதிசயம்தான். தனியா போறவன் காலே இவ்வளவு ஒழுங்கா விழாது." படத்தைப் பார்த்தார். ஆறு இப்போது ஆறுபோல இருந்தது. சிவப்புக் கோடு இருந்த இடத்தை விரலால் தடவினார். "நல்ல முறிவு. போச்சு."

"போச்சு சார்."

"பட்டியல்ல இல்லாதவங்க போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டது யாரு தெரியுமா?"

"நீங்கதான் சார்."

"அது தெரிஞ்சுமா எழுதினீங்க?"

பேசாமல் நிற்பது எனக்குச் சிரமமில்லை. அவருக்குத்தான் சிரமம். நாற்காலியில் அசைந்தார், மசிக்கூட்டை நகர்த்தினார், ஜன்னலைப் பார்த்தார்.

"அடுத்த சீசன் தப்படி கிடையாது" என்றார் கடைசியில். "செயின் போட்டு அளங்க."

"செயினுக்கு ரெண்டு ஆள் வேணும் சார்."

"ஆள் கிடையாது. பட்டியல்லயும் யாரையும் சேக்க மாட்டேன்." பேனாவை எடுத்தார். "செயினோட ஒரு முனையை உங்க கையில குடுத்ததா ரிஜிஸ்டர்ல எழுதிக்கறேன். இன்னொரு முனை எங்க இருந்துச்சுன்னு எழுத அதுல கட்டம் இல்ல. ஆனா ஒண்ணு. அறுபத்தாறு அடிச் செயின், முறுக்கா இருக்கணும். கிட்ட கிட்ட வந்து தொய்ய விட்டீங்கன்னா படத்துல எனக்குத் தெரிஞ்சிடும்."

கமிட்டியில் அவர் அதை வாசித்ததாகவும், யாரோ இருமியதாகவும், கிணற்றுக்குக் குறித்த இடத்தை ஆயிரம் அடி மேற்கே, பாலத்தின் பக்கம் மாற்றியதாகவும் உச்சி வந்து சொன்னான். "எல்லாரும் அக்காவைப் பத்தி விசாரிக்கிறாங்க மாமா. எவ்வளவு உயரம்னு கேக்கறாங்க."

*

அடுத்த பருவத்தில் வேறொரு பள்ளத்தாக்கு.

சங்கிலியின் முன்முனை அவள் கையில். பத்து இரும்பு முளைகளையும் அவள்தான் வைத்திருப்பாள். சங்கிலி முறுக்கேறியதும் நான் காம்பஸில் பார்த்து வலது, இடது என்று கை காட்டுவேன். அவள் ஒரு முளையைத் தரையில் குத்திவிட்டு முன்னால் நடப்பாள். நான் அந்த முளைக்கு வந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும்போது, அவள் அடுத்த முளையில் இருப்பாள். இப்படியே போனால் நாள் முழுக்க இருவருக்கும் நடுவில் அறுபத்தாறு அடி. பத்து முளை தீரும்போதுதான் ஒரு சந்திப்பு. நூறு தப்படிப் பேச்சே பரவாயில்லை என்று முதல் சங்கிலியிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. அதை அவளிடம் சொல்லவும் வழியில்லை, கத்தினால் ஒழிய.

முதல் முளைக்கு வந்தேன். முளையின் வளையத்தில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. அவள் நிறம் சோதித்துப் பார்க்கும் காகிதம், ஒரு ஓரத்தில் மஞ்சள் தீற்றல். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'செருப்பில் கல். இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டேன்.'

நான் அதை வலது பையில் வைத்தேன். கூழாங்கற்கள் இருந்த பையில். கற்களுக்கு இனி வேலையில்லை என்றாலும் வலது பை கனமாக இல்லாமல் எனக்கு நடக்க வராது. சங்கிலி இருக்கும்போது தப்படி எண்ண வேண்டியதில்லை. பழக்கத்தை நிறுத்த முடியவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். அறுபத்தாறு அடி எனக்கு இருபத்தாறு தப்படி. தனியாக நடந்தால்.

இரண்டாவது முளைக்கு வந்து நின்றபோது இருபத்தொன்பது எண்ணியிருந்தேன்.

அதை அளவுப் புத்தகத்தில் எழுதவில்லை. குனிந்து முளையைப் பிடுங்கினேன். இன்னொரு காகிதம், இதில் பச்சை. எழுத்து பொடியாக இருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். சங்கிலி தொய்ந்துபோயிருக்க வேண்டும். அறுபத்தாறு அடிக்கு அப்பாலிருந்து ஒரு இழுப்பு வந்தது, பொறுமையில்லாமல். அப்புறம் இன்னொன்று.